சுகாதாரக் காப்பீட்டுத் தரவுக்கான பின்னணிச் சோதனை பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தள்ளிவிடலாம்

அமெரிக்காவில் சுகாதாரக் காப்பீட்டு கிளெய்ம்களைக் கையாளும் நிறுவனம் ஒன்று, வேலைக்கு எடுக்கப்படுபவர்களின் பின்னணியைச் சோதிக்க வெண்டரைத் தேடினால், பெரும்பாலும் மூன்று அடுக்கு விலைப்பட்டியல் ஒன்றுதான் முதலில் கைக்கு வரும்: அடிப்படை, ஸ்டாண்டர்ட், ஹெல்த்கேர். பெயரைப் பார்த்ததும் மூன்றாவதில் டிக் போட்டுவிடுகிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்குகிறது. அந்த மூன்றாவது பேக்கேஜ் நர்ஸின் அளவுக்குத் தைத்த சட்டை. தொழில் லைசென்ஸ் சரிபார்ப்பு, போதைப்பொருள் பரிசோதனை, பாலியல் குற்றவாளிகள் பதிவேடு, முதியோரைத் துன்புறுத்தியவர்கள் பட்டியல் என்று எல்லாம் நோயாளியின் படுக்கைக்கு அருகே நிற்பவரை மனதில் வைத்தே அடுக்கப்பட்டிருக்கும்.

கிளெய்ம் பார்ப்பவர் நோயாளியை நேரில் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது ஒரு திரை. அதில் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்காவின் தனிநபர் அடையாள எண்), நோய்க் குறியீடு, மருந்து விவரம், சில இடங்களில் வங்கிக் கணக்கு எண்ணும்கூட. அவர் கெட்டுப்போனால் செய்யக்கூடியவை மூன்று: அடையாளத்தைத் திருடி விற்பது, பொய் கிளெய்ம் போடுவது அல்லது போடுபவருக்குத் துணைபோவது, தெரிந்தவர்களின் கோப்பைத் திறந்து வேடிக்கை பார்ப்பது. பேக்கேஜின் ஒவ்வொரு உருப்படியும் இந்த மூன்றில் எதைப் பிடிக்கும் என்று கேட்டுப் பார்த்தால், விலைப்பட்டியலின் பாதி உதிர்ந்துவிடும். தேவையான சில விஷயங்கள் பட்டியலிலேயே இல்லை என்பதும் தெரியவரும்.

"ஹிப்பா பேக்கேஜ்" என்று ஒன்று கிடையாது

விற்பனையாளர்கள் "இது ஹிப்பாவுக்கு ஏற்ற பேக்கேஜ்" என்பார்கள். மருத்துவத் தகவலின் தனியுரிமையைக் காக்க 1996இல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட பாதுகாப்பு விதிகளில், 164.308 என்ற பிரிவு பணியாளர்களைப் பற்றிப் பேசுகிறது. மின்னணு மருத்துவத் தகவலை ஒருவர் தொடுவது பொருத்தமானதா என்று தீர்மானிக்க ஒரு நடைமுறை வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். குற்றப் பின்னணிச் சோதனை என்ற சொல்லே அதில் இல்லை. அந்த நடைமுறையும் "பரிசீலிக்க வேண்டியது" என்ற வகையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது நிறுவனம் தன் அபாயத்தை எடைபோட்டு, செய்வதானால் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஏன் செய்யவில்லை, பதிலுக்கு என்ன வைத்திருக்கிறோம் என்று எழுதி வைக்க வேண்டும். எனவே எந்தப் பேக்கேஜை வாங்கினாலும் ஹிப்பா தானாக நிறைவேறிவிடாது. தணிக்கைக்கு வருபவர் கேட்பது ரிப்போர்ட்டை அல்ல, அந்த எழுத்தை.

உண்மையில் கழுத்தைப் பிடிக்கும் விதிகள் வேறு இடங்களிலிருந்து வருகின்றன. முதலாவது, 1994ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டத்தோடு வந்த, ஃபெடரல், அதாவது மத்திய அரசின், குற்றவியல் தொகுப்பின் 1033ஆம் பிரிவு. நேர்மையின்மை அல்லது நம்பிக்கைத் துரோகம் சம்பந்தப்பட்ட பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர், மாநிலக் காப்பீட்டு ஒழுங்குமுறை அதிகாரியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் காப்பீட்டுத் தொழிலில் ஈடுபடக் கூடாது. ஈடுபட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை. தெரிந்தே அவரை ஈடுபட விட்ட நிறுவனத் தரப்பினருக்கும் அதே தண்டனைதான். இதில் கால வரம்பு இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய தண்டனையானாலும் தடை தடைதான்.

இப்போது ஸ்டாண்டர்ட் பேக்கேஜைத் திறந்து பாருங்கள். "ஏழு ஆண்டுகள்" என்று போட்டிருக்கும். அந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வெண்டரின் விற்பனைப் பிரிவு பின்னணி ரிப்போர்ட்டுகளுக்கும் பொருந்தும் 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தைக் காட்டும். அது பாதி உண்மை. அந்தச் சட்டம் ஏழு ஆண்டு வரம்பு வைத்திருப்பது தண்டனையில் முடியாத கைதுகள் போன்றவற்றுக்கு. தண்டனைகளுக்கு ஃபெடரல் சட்டத்தில் வரம்பே இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள்தான் தண்டனைகளுக்கும் ஏழு ஆண்டு என்று கட்டியிருக்கின்றன. ஆக, மற்ற மாநிலங்களில் ஏழு என்பது வெறும் வடிகட்டி. வெண்டரின் மென்பொருளில் ஒரு அமைப்பு. 1033 பொருந்தும் பதவிகளுக்கு அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்ற முடியாத மாநிலங்களில், நிபந்தனையுடன் வேலை உறுதி தந்த பிறகு, அந்தப் பிரிவின் சொற்களையே கேள்வியாக்கி விண்ணப்பதாரரிடம் எழுத்தில் பதில் வாங்குவது ஒரு வழி. யாரெல்லாம் "காப்பீட்டுத் தொழிலில் ஈடுபடுபவர்" என்பதில் வழக்கறிஞர்களுக்குள் பேச்சு உண்டு. கிளெய்ம் தீர்ப்பவரை வெளியே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் சட்டத் துறை அரிது.

சோதனையின் உள்ளுறுப்புகள்

எல்லாப் பேக்கேஜும் சோஷியல் செக்யூரிட்டி எண் தடம் பார்ப்பதில் தொடங்கும். இதை அடையாளச் சரிபார்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்களின் கோப்புகளில் அந்த எண்ணோடு சேர்ந்து வந்த பெயர்களையும் முகவரிகளையும் திரட்டித் தரும் வேலை அது. எண் இவருடையதுதானா என்று அரசிடம் கேட்பதல்ல. 2011 ஜூன் 25 முதல் எண்கள் வரிசையின்றி வழங்கப்படுவதால், முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலத்தைச் சொல்லும் பழைய வித்தையும் புதிய எண்களுக்குப் பலிக்காது. இந்தத் தடத்தின் உண்மையான பயன் ஒன்றுதான்: எந்தெந்த கவுன்ட்டிகளில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு), எந்தெந்தப் பெயர்களில் தேட வேண்டும் என்று காட்டுவது. சமீபத்தில் நாட்டுக்குள் வந்தவர்களுக்கும், கடன் வாங்கியே பழகாத இளைஞர்களுக்கும் இது வெறுங்கையோடு திரும்பும். அதைச் சந்தேகக் குறியாக எடுத்துக்கொள்வது தப்பு.

அடுத்து "தேசியக் குற்றத் தரவுத்தளம்". பெயர் பெரிது. இது அரசாங்கத்தின் பட்டியல் அல்ல. தனியார் நிறுவனங்கள் நீதிமன்றங்களிடமிருந்தும் சிறைத் துறைகளிடமிருந்தும் மொத்தமாக வாங்கிச் சேர்த்த கோப்புகள். சில மாநிலங்கள் நிறையத் தருகின்றன, சில ஒன்றிரண்டு கவுன்ட்டிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. தள்ளுபடியான வழக்கு தள்ளுபடியானதாகவே பதிவாகியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதை அம்புக்குறியாக மட்டும் பயன்படுத்தலாம். இதில் ஏதாவது தட்டுப்பட்டால் சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தில் மூலப் பதிவைப் பார்த்த பிறகே ரிப்போர்ட்டில் ஏற்ற வேண்டும். அந்தச் சரிபார்ப்பு விலைக்குள் அடக்கமா, தனியா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மலிவான பேக்கேஜ் மலிவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்.

கவுன்ட்டி நீதிமன்றத் தேடல்தான் உழைப்பு உள்ள பகுதி. நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு, தனிப் பழக்கம். கணினியில் தேட விடும் நீதிமன்றத்தில் ஒன்றிரண்டு நாளில் முடியும். எழுத்தர் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு என்ற இடங்களில் வாரக்கணக்கு. கலிஃபோர்னியாவில் 2021இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்று, நீதிமன்றத்தின் இணைய வழக்கு அட்டவணையில் பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ வைத்துத் தேட விடக் கூடாது என்றது. அதன் பிறகு அங்கே பொதுவான பெயர் உள்ளவர்களின் சோதனை நத்தை வேகம்தான். நியூயார்க்கில் மாநில நீதிமன்ற நிர்வாகம் தன் தேடலுக்கே 95 டாலர் வாங்குகிறது. வெண்டரின் விலைப்பட்டியலில் "நீதிமன்றக் கட்டணம் தனி" என்று சின்ன எழுத்தில் வருவது இதைத்தான். பெயர் மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கவுன்ட்டியும் தனித்தனித் தேடல். மூன்று பெயர், நான்கு கவுன்ட்டி என்றால் பன்னிரண்டு. இரண்டையும் வரம்பின்றி ஒரே விலையில் தரும் ஒப்பந்தம் கிடைத்தால் அதுவே நல்லது. பட்ஜெட் மாதாமாதம் துள்ளாது.

விட்டுப்போகும் உருப்படி

இனி, பேக்கேஜ்களின் மிகப் பெரிய ஓட்டை. சுகாதாரக் காப்பீட்டு மோசடி ஃபெடரல் குற்றம். மோசடிக்காக இன்னொருவர் அடையாளத்தைப் பயன்படுத்தினால் சேரும் கூடுதல் குற்றமும் ஃபெடரல்தான். அதற்குக் கட்டாயமாக இரண்டு ஆண்டு கூடுதல் சிறை. இந்த வழக்குகள் 94 ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்களில் நடக்கின்றன. கவுன்ட்டி நீதிமன்றத்தில் எத்தனை தேடினாலும் அவை வராது. தனியார் தரவுத்தளங்களிலும் பெரும்பாலும் இருக்காது. அதாவது தரவுப் பணியாளர் விஷயத்தில் எந்தக் குற்றத்தைத் தேடுகிறோமோ, அது இருக்கக்கூடிய இடத்தையே அடிப்படைப் பேக்கேஜும் பல ஸ்டாண்டர்ட் பேக்கேஜ்களும் தொடுவதில்லை. ஃபெடரல் தேடல் பட்டியலின் கடைசியில் "கூடுதல் சேவை" என்று தொங்கிக்கொண்டிருக்கும். வேறு எதைக் குறைத்தாவது இதைச் சேர்க்க வேண்டும்.

சேர்த்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். ஃபெடரல் வழக்கு ஆவணங்களை பேசர் என்ற அமைப்பில் பார்க்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட். ஆனால் தனியுரிமை விதிப்படி அந்த ஆவணங்களில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும், சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் இருக்கும். தேடல் அட்டவணையில் வெறும் பெயர்தான். சாதாரணப் பெயரென்றால் நாற்பது ஆட்கள் வருவார்கள். நல்ல வெண்டர் குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆவணம், வழக்கு நடந்த ஊர் ஆகியவற்றை இவருடைய முகவரி வரலாற்றோடு ஒத்துப் பார்ப்பார். சோம்பேறி வெண்டர் இரண்டில் ஒன்று செய்வார்: ஒப்பிட முடியவில்லை என்று "பதிவு இல்லை" போடுவார், அல்லது "ஒத்துப்போகக்கூடும்" என்று எழுதிப் பழியை வாடிக்கையாளர் தலையில் கட்டுவார். ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி: பெயர் மட்டும் பொருந்தி வேறு எதுவும் கிடைக்காதபோது ரிப்போர்ட்டில் என்ன எழுதுவீர்கள்?

பெயரை மட்டும் வைத்துப் பொருத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை வந்த, கடன் அறிக்கை நிறுவனமான டிரான்ஸ்யூனியனின் வழக்கு சான்று. முதல் பெயரும் கடைசிப் பெயரும் மட்டும் ஒத்துப்போனதால், பயங்கரவாதிகளும் போதைக் கடத்தல்காரர்களும் இருக்கும் கருவூலத் துறைத் தடைப் பட்டியலோடு பொருந்தக்கூடும் என்று 8,185 பேரின் கோப்புகளில் குறி விழுந்திருந்தது. அவர்களில் 1,853 பேரின் அறிக்கை வெளியாருக்கும் போயிருந்தது.

பெயர் என்றதும் தமிழர்களுக்கென்று தனித் தலைவலி ஒன்று உண்டு. இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது. ஒரு ஆவணத்தில் அது முன்னால், இன்னொன்றில் பின்னால். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்குப் பதில் "எஃப்என்யூ" என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். சில அலுவலகங்களில் அதுவே ஒருவரின் முதல் பெயராகப் பதிந்துவிடுவதும் உண்டு. படிவத்தில் "பிற பெயர்கள்" என்ற கட்டத்தை வெறுமையாக விடாமல், எந்தெந்த ஆவணத்தில் எப்படியெல்லாம் பெயர் இருக்கிறதோ எல்லாவற்றையும் எழுதிவிடுவது விண்ணப்பதாரருக்கு நல்லது. பொருந்தாமல் இழுபடும் நாட்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தால்தான்.

விலக்கப்பட்டோர் பட்டியல்: மலிவு, அவசியம்

சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், ஃபெடரல் சுகாதாரத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. மாதந்தோறும் புதுப்பிக்கிறது. இணையத்தில் இலவசம், ஒரே நேரத்தில் ஐந்து பெயர் வரை தேடலாம். பெயர் தட்டினால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைப் போட்டு ஆள் இவர்தானா என்று அங்கேயே உறுதிசெய்யலாம். மொத்தக் கோப்பைப் பதிவிறக்கம் செய்துகொள்ளவும் முடியும், ஆனால் அதில் அந்த எண் இருக்காது. அதனால் மொத்தமாக ஒப்பிட்டு, பொருந்தியவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தளத்தில் சரிபார்க்க வேண்டும். வெண்டர்கள் விற்பதும் இதையேதான், தானியங்கியாக.

"எங்கள் ஆட்கள் வைத்தியம் பார்ப்பதில்லையே" என்று இதைத் தள்ளிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 2013இல் அந்த அலுவலகம் வெளியிட்ட சிறப்பு அறிவிப்பு, நிர்வாகப் பணிகளும் விலக்கின் கீழ் வரும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பில்லிங், கணக்கு, கணினிப் பணி எல்லாம் சேர்த்தி. மெடிகேர் என்பது முதன்மையாக முதியோருக்கான அரசுக் காப்பீடு. அதன் அட்வான்டேஜ், மருந்துக் காப்பீட்டுத் திட்டங்களில் வேலை எடுக்கும் முன்பும், பிறகு மாதந்தோறும் இந்தப் பட்டியலையும் ஃபெடரல் ஒப்பந்தங்களிலிருந்து தடை செய்யப்பட்டவர்களைக் காட்டும் சாம் பட்டியலையும் பார்ப்பது கட்டாயம். கீழே துணை ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். பார்த்ததற்கான பதிவைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். இவை தவிரப் பல மாநிலங்கள், குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க் பட்டியல்களில் இருக்கும் பெயர் உடனடியாக ஃபெடரல் பட்டியலில் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு நுணுக்கங்கள். விலக்குக் காலம் முடிந்ததும் பெயர் தானாக நீங்காது. அவர் விண்ணப்பித்து மீள்சேர்ப்பு வாங்க வேண்டும். கட்டாய விலக்கு குறைந்தது ஐந்து ஆண்டு என்பதால், "என் ஐந்து வருஷம் முடிந்துவிட்டது" என்று நம்பிக்கையோடு சொல்பவரின் பெயர் இன்னும் அங்கே இருக்கக்கூடும். அடுத்தது, பட்டியலில் இருப்பவரெல்லாம் திருடர் அல்ல. மருத்துவக் கல்விக் கடனைத் திருப்பிக் கட்டாததும் ஒரு காரணம். காரணம் எதுவானாலும் அவருக்கு ஃபெடரல் சுகாதாரத் திட்டங்களின் பணத்திலிருந்து சம்பளம் தர முடியாது என்பது மட்டும் மாறாது.

விரல்ரேகை: யாருக்கு, எப்போது

விரல்ரேகை என்றால் உச்சபட்சம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தனியார் காப்பீட்டு நிறுவனம் நினைத்த மாத்திரத்தில் எஃப்பிஐயிடம் ஊழியரின் ரேகையை அனுப்ப முடியாது. அதற்கு ஒரு சட்டம் அனுமதி தர வேண்டும். அனுமதி உள்ள முக்கியமான இடம், மக்கள் மருத்துவக் காப்பீட்டை ஒப்பிட்டு வாங்கும் அரசு காப்பீட்டுச் சந்தைகள். பிரீமிய மானியத்துக்கு வருமானத்தைச் சரிபார்க்க வரித் துறையின் தகவல் அங்கே வருகிறது. அதைத் தொடுபவர்களுக்கு வரித் துறையின் 1075ஆம் வெளியீடு விதிப்பவை: எஃப்பிஐ விரல்ரேகைச் சோதனை, கடந்த ஐந்து ஆண்டில் வாழ்ந்த, வேலை பார்த்த, படித்த இடங்களின் உள்ளூர்க் காவல் பதிவுச் சோதனை, வேலை செய்யும் தகுதியின் சரிபார்ப்பு. ஒப்பந்த ஊழியர்களும் விலக்கல்ல. கலிஃபோர்னியாவின் கவர்ட் கலிஃபோர்னியா சந்தையில், மக்களைச் சேர்த்துவிடும் ஆலோசகர்களுக்கும் விரல்ரேகை கேட்கிறார்கள்.

இதில் தவறிப்போகும் இடங்கள் இரண்டு. ரேகை படியாமல் போவது முதலாவது. வயதானவர்கள், துப்புரவு ரசாயனங்களோடு பழகியவர்கள், கையால் கடினமாக உழைத்தவர்கள் ஆகியோரின் ரேகை மேடுகள் தேய்ந்திருக்கும். தரம் போதாமல் இரண்டு முறை திரும்பினால் பெயரை வைத்துச் சோதிக்கும்படி கோரலாம். அந்த வழி இருப்பதே தெரியாமல் நான்காவது முறை ரேகை வைக்க ஆளை அனுப்புகிறவர்கள் உண்டு. ரேகை வைப்பதற்குச் சில நாள் முன்பிருந்து கைக்கு லோஷன் தடவி வருவது உதவும். அன்றைக்குத் தடவினால் கெடுக்கும். இரண்டாவது சிக்கல் பெரிது: எஃப்பிஐ பதிவில் கைது இருக்கும், முடிவு இருக்காது. வழக்கு தள்ளுபடியானதை உள்ளூர் நீதிமன்றம் அனுப்பாமல் விட்டிருக்கலாம். ஆகவே ரேகை வந்துவிட்டால் கவுன்ட்டித் தேடல் தேவையில்லை என்பது தவறான கணக்கு. விண்ணப்பதாரர் தன் பதிவைத் தானே எஃப்பிஐயிடம் 18 டாலர் கட்டி வாங்கிப் பார்க்கலாம். பழைய கைது ஏதாவது உள்ளவர்கள் வேலை தேடத் தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

மற்றவை

கல்விச் சரிபார்ப்பு நேர்மையைச் சோதிக்க உதவும், தகுதிக்கு அல்ல. போதைப்பொருள் பரிசோதனை இந்த வேலைக்குக் காசுக்குக் கேடு. ஒப்பந்தம் கேட்டால் மட்டும் செய்யலாம். கடன் அறிக்கையைப் பணம் அனுப்பும் அதிகாரம் உள்ளவர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேலைக்கான கடன் அறிக்கையில் கடன் மதிப்பெண்ணே வராது, பல மாநிலங்கள் அதைப் பயன்படுத்துவதையே கட்டுப்படுத்தியிருக்கின்றன, மருத்துவச் செலவால் கடனில் விழுந்தவரை மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அதற்காகவே ஒதுக்குவது பார்க்கவும் நன்றாயில்லை.

முந்தைய வேலையைச் சரிபார்ப்பது மட்டும் வேறு கதை. கோப்பை வேடிக்கை பார்த்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்மீது பெரும்பாலும் வழக்கு எதுவும் இருக்காது. அவரைப் பிடிக்கும் நாடு தழுவிய பட்டியல் எதுவும் கிடையாது. எந்த நீதிமன்றத் தேடலும் அவரைக் காட்டாது. முந்தைய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு மட்டுமே அறிந்த விஷயம் அது. தானியங்கிச் சரிபார்ப்புத் தளங்கள் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி இவற்றோடு நின்றுவிடும். வெண்டரிடம் கூடுதலாகக் கேட்கச் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா? பல நிறுவனங்கள் பதில் சொல்லாது. சொன்னால் அந்த ஒரு சொல், மொத்த ரிப்போர்ட்டைவிட அதிகம் பேசும்.

"தொடர் கண்காணிப்பு" என்று இப்போது விற்பது பெரும்பாலும் சிறைச்சாலை அனுமதிப் பதிவுகளிலிருந்து வரும் கைது அறிவிப்பு. கைது தண்டனை அல்ல. அதை வைத்து யார்மீதும் கை வைக்க முடியாது, வைத்தால் பாகுபாட்டு வழக்கில் போய் நிற்கும். விலக்கப்பட்டோர் பட்டியலின் மாதாந்திரக் கண்காணிப்புக்குக் கொடுங்கள், இதற்கு யோசியுங்கள்.

படிவமும் கடிதமும்

பணம் பறிபோவது பெரும்பாலும் சோதனையில் அல்ல, காகிதத்தில். வெளி நிறுவனத்திடம் ரிப்போர்ட் வாங்குவதற்கு முன் விண்ணப்பதாரருக்குத் தனித் தாளில் அறிவிப்புத் தர வேண்டும், எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அந்தத் தாளில் வேறு எதையும் கலக்கக் கூடாது. "உங்கள்மீது வழக்குத் தொடர மாட்டேன்" என்ற ஒரு வரியை அதில் சேர்த்ததற்காக ஒரு நிறுவனம் 2017இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. தெரிந்தே மீறினால் ஆளுக்கு 100 முதல் 1,000 டாலர் வரை. ஒரே தவறான படிவத்தில் பத்தாயிரம் பேர் கையெழுத்திட்டிருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். வெண்டர் தரும் மாதிரிப் படிவத்தை அப்படியே பயன்படுத்திவிட்டு, பிறகு வெண்டரைக் காரணம் காட்ட முடியாது. ஒப்பந்தத்திலேயே பொறுப்பு உங்களுடையது என்று எழுதியிருப்பார்கள்.

ரிப்போர்ட்டை வைத்து வேலை மறுப்பதானால் இரண்டு கடிதங்கள். முதலில் ரிப்போர்ட்டின் நகலையும் அவருடைய சட்ட உரிமைகளின் சுருக்கத்தையும் இணைத்து ஒரு முன்னறிவிப்பு. பிறகு காத்திருப்பு, ஐந்து வேலை நாள் என்பது நடைமுறை, கலிஃபோர்னியாவில் 2018 முதல் அதுவே குறைந்தபட்சச் சட்டம். அதன் பிறகே இறுதிக் கடிதம். இடையில் அவர் தவறு என்று சொன்னால் வெண்டர் பொதுவாக 30 நாளுக்குள் மறு ஆய்வு செய்ய வேண்டும். இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் போவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. தானியங்கி அமைப்பில் இடைவெளி "0" என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். தொடங்கும்போதே ஒரு போலிப் பெயரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எந்தத் தண்டனைக்கு என்ன முடிவு என்பதை முன்பே எழுதி வைப்பது நல்லது. சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் 2012 வழிகாட்டுதல் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: குற்றத்தின் தன்மை, அதன் பிறகு கடந்துபோன காலம், வேலையின் தன்மை. பன்னிரண்டு வருடம் முன்பு குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கும் கிளெய்ம் தரவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று வருடம் முன்பு கடன் அட்டை எண்களை விற்றவருக்கு உண்டு. வெண்டரின் "பச்சை, மஞ்சள், சிவப்பு" நிறக் குறியீடு இந்த வித்தியாசத்தைப் பார்க்காது. நீங்கள் விதியை எழுதிக் கொடுத்தால்தான் பார்க்கும்.

வெண்டரையும் சோதியுங்கள்

ஊழியர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண், பிறந்த தேதி, முகவரி வரலாறு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைத்திருப்பவர் வெண்டர்தான். பின்னணிச் சோதனைக்குத் தரவு விற்ற நேஷனல் பப்ளிக் டேட்டாவிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி எண்கள் 2024இல் இணையத்தில் கசிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அது திவால் மனுப் போட்டது. வேலைவாய்ப்புச் சோதனை நிறுவனமான டிசாவின் அமைப்பில் 2024இல் நுழைந்தவர்களால் 33 லட்சம் பேரின் தகவல் பாதிக்கப்பட்டது. ஃபர்ஸ்ட் அட்வான்டேஜ் 2024இல் ஸ்டெர்லிங்கை வாங்கிய பிறகு பெரிய வெண்டர்கள் இன்னும் சிலராகச் சுருங்கிவிட்டார்கள், குவியல் பெரிதாகியிருக்கிறது. கேட்க வேண்டியவை: தரவுப் பாதுகாப்பைத் தணிக்கை செய்து தரும் எஸ்ஓசி 2 இரண்டாம் வகை அறிக்கை, தொழில்முறைச் சங்கமான பிபிஎஸ்ஏவின் அங்கீகாரம், வெளிநாட்டில் யார் எந்தத் திரையைப் பார்க்கிறார்கள் என்ற விவரம், உள்நுழையக் கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் சான்று கட்டாயமா என்பது.

சோதனையின் எல்லையையும் தெரிந்து வாங்க வேண்டும். 2015இல் வெளியான, சுகாதாரக் காப்பீட்டு நிறுவனமான ஆந்தமின் கணினி ஊடுருவலில் ஏறக்குறைய 7.9 கோடிப் பேரின் தகவல் போனது; வழி, ஊழியர்களை ஏமாற்றிய மின்னஞ்சல். 2024இல் கிளெய்ம் செயலாக்க நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேரில் நுழைந்தவர்கள், இரண்டாம் சான்று கேட்காத தொலைநிலை நுழைவாயில் வழியாக வந்தார்கள். ஊழியர் எல்லோரும் அப்பழுக்கற்றவர்களாக இருந்தாலும் இரண்டும் நடந்திருக்கும். 2010இல் லாஸ் ஏஞ்சலஸில், பதிவுகளை வேடிக்கை பார்த்ததற்காக ஹிப்பாவின் கீழ் ஒருவருக்கு நான்கு மாதச் சிறை விதிக்கப்பட்டது. பணிநீக்க அறிவிப்பு கைக்கு வந்த பிறகும் அவருக்குத் திரை திறந்தே இருந்தது. அங்கே தேவைப்பட்டது, அறிவிப்பு போகும் நிமிடத்திலேயே கணக்கை மூடும் நடைமுறை.

சோதனை முடியும் வரை புது ஆளை என்ன செய்வது என்பதும் வாங்கும்போதே யோசிக்க வேண்டியது. கவுன்ட்டி ஒன்று இழுத்தால் மேலாளர்கள் "மற்றதெல்லாம் சுத்தமாக வந்துவிட்டதே" என்று நிஜத் தரவைத் திறந்துவிடுகிறார்கள். போலித் தரவு நிரப்பிய பயிற்சி அமைப்பு ஒன்று தயாராக இருந்தால் அந்த இரண்டு வாரமும் வீணாகாது. ரிப்போர்ட் "முழுமை" என்ற நிலைக்கு வந்தபின் மட்டுமே உள்நுழைவுக் கணக்கு உருவாகும்படி இரண்டு அமைப்புகளையும் இணைத்துவிட முடிந்தால், யாரிடமும் கெஞ்சவும் வேண்டாம், மிஞ்சவும் வேண்டாம்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு விஷயம். வெண்டரை மாற்றும்போது பழையவரிடம் உள்ள ரிப்போர்ட்டுகள் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உங்கள் கைவசம் உள்ள பிரதிகளுக்கு 2005 ஜூன் முதல் நடப்பில் உள்ள அழிப்பு விதி பொருந்தும்: கழிக்கும்போது, காகிதமானால் பொடியாக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும், கோப்பானால் மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும். மெடிகேர் சரிபார்ப்புப் பதிவுகளைப் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டியிருப்பதால் அவற்றை ரிப்போர்ட்டிலிருந்து முதலிலேயே பிரித்து வையுங்கள். இரண்டும் ஒரே பிடிஎஃப்பில் இருந்தால் ஒன்றை அழிக்கவும் முடியாது, மற்றதை வைத்திருக்கவும் முடியாது.